பாசிலியாவின் கைக்குள் இருந்த கட்டை

பாசிலியா ஓஹேதாவின் புத்தியை அரசாங்கம் அவள் ஆயுளில் இரண்டு தடவை அளந்தது. முதல் தடவை அவளுக்கு ஒன்பது வயது. இரண்டாவது தடவை ஐம்பதைத் தாண்டியிருந்தாள். இடைப்பட்ட காலத்தில் பெரும்பகுதி எங்கள் காலனியின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது தடவை அளந்தபோது நானும் அந்த அறையில் இருந்தேன். கதவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி உட்கார வைத்திருந்தார்கள். வாயைத் திறக்காமல் உட்காருவது எனக்கு வராத வேலை. என் புருஷனைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்.

காலனி என்று நாங்கள் சொல்வது தலைநகரிலிருந்து ரயிலில் அரை நாள் தூரத்தில், சமவெளிக்கு நடுவே, யூகலிப்டஸ் மரங்களால் மறைக்கப்பட்டிருந்த காப்பகத்தை. புத்தி போதாது என்று யாரைப் பற்றி முடிவு கட்டினார்களோ அவர்களை அங்கே கொண்டுவந்து விடுவார்கள். ஊரில் பாதிப் பேருக்கு அங்கேதான் பிழைப்பு. என் அம்மா அதன் சமையற்கட்டில் இருந்தாள். நான் பெண்கள் பிரிவில் உதவியாளாகச் சேர்ந்து அங்கேயே நரைத்தேன்.

பாசிலியா வடக்கே, கொரியென்டெஸ் மாகாணத்தில், ஆற்றோரத்துக் குடிசை ஒன்றில் பிறந்தவள். அம்மா பிரசவத்தில் போய்விட்டாள். பருத்தி பறிக்கப் போன அப்பா திரும்பி வரவில்லை. பாதிரியார் ஒருவர் அவளை ரயிலேற்றித் தலைநகரத்து அநாதை இல்லத்துக்கு அனுப்பினார். வீட்டில் அவர்கள் பேசியது அந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளின் குவரானி மொழி. எங்கள் ஸ்பானிஷ் அவளுக்குப் பாதி புரியும், பேச வராது. இல்லத்தில் மீசை வைத்த ஒருவர் அவளை எதிரே உட்கார வைத்து, படம் படமாகக் காட்டி, இது என்ன, அது என்ன என்று கேட்டார்.

அதை அவள் என்னிடம் சொன்னது ஒரு மழை நாளில். சலவைக்கூடத்துக் கொதிகலன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே குடுவையில் மாறி மாறி மாத்தே இலைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். என்னை எல்லோரும் மரியாதைக்குத் 'தோன்யா' சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள்.

"படத்துல இருந்தது நாய், தோன்யா இர்மா. அவ்ளோ பெரிய மனுசனுக்கு நாய் தெரியாதா? தெரிஞ்சுக்கிட்டே என்கிட்ட கேக்கறாரு. எங்க வீட்டுல பெரியவங்க தெரிஞ்ச விஷயத்தைக் கேட்டாங்கன்னா அடுத்தது அடிதான். 'பானையை யாரு உடைச்சது?'ன்னு கேப்பாங்கல்ல, அப்படி."

"அதனால?"

"நாயை நான் ஒண்ணும் பண்ணல. பேசாம இருந்துட்டேன்."

அந்தக் காலத்துக் கணக்கு இப்படி: எந்த வயதுப் பிள்ளை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் என்று ஓர் அட்டவணை வைத்திருந்தார்கள். நாலு வயதுப் பிள்ளைக்குரிய கேள்விக்கு மேல் பதில் சொல்லவில்லை என்றால், நீ எந்த வயதுக்காரியாக இருந்தாலும் உன் புத்திக்கு வயது நாலு. பாசிலியா அந்த நாலைத் தூக்கிக்கொண்டு எங்கள் காலனிக்கு வந்தாள். அவளுக்கு முடி நரைத்தபோதும், 'அதற்கு நாலு வயதுப் புத்தி' என்றுதான் புதிதாக வருகிற நர்ஸுகளிடம் சொல்லிக் கொடுப்பார்கள். ஆனால் அந்த நாலு வயதைத்தான் சுடுநீர்த் தொட்டியிடமும் இஸ்திரி உருளையிடமும் தனியாக விடுவார்கள். கேட்டால் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

வந்த புதிதில் அவளைப் பூட்டு வார்டில் போட்டிருந்தார்கள். இரவெல்லாம் அலறுகிறவர்களுக்கு நடுவில் ஒன்பது வயதுப் பெண். அங்கே கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி கிடையாது. வெறும் தகரம். அந்தத் தகரத்தைத் தடவித் தடவிப் பார்த்ததைத்தான் அவள் வாழ்நாள் முழுவதும் பேசினாள். அடித்ததைப் பற்றியோ பட்டினி போட்டதைப் பற்றியோ பேசமாட்டாள். பிற்பாடு சலவைக்கூடத்துக்கு ஆள் தேவைப்பட்டு அவளை வெளியே எடுத்தார்கள். அதற்கப்புறம் எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் கதவின் உள்பக்கத்தைத் தொட்டுப் பார்ப்பாள். ஒரு தடவை மாதா கோயிலிலும் அப்படிச் செய்தாள்.

சலவைக்கூடத்தில் ஒரு பழக்கம் இருந்தது. யார் ஆரம்பித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. யாரும் முதலில் முடிக்கக் கூடாது. கங்காணி சபீனா மூட்டை மூட்டையாகத் துணியைக் கொண்டுவந்து கொட்டுவாள். சீக்கிரம் முடித்தவளுக்கு உடனே இன்னொரு மூட்டை வரும், முதல் மூட்டையைவிடப் பெரிதாக. கடைசியில் முடித்தவளுக்கு ஞாயிற்றுக்கிழமை மரத்தடிக்குப் போக அனுமதி இல்லை. ஆகவே சாமர்த்தியக்காரிகள் தங்கள் பங்கை முடித்தாலும் கடைசித் தலையணை உறை ஒன்றைக் கைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மெதுவாகச் செய்கிறவளும் முடித்ததும் எல்லோருமாகச் சேர்ந்து கடைசி உறையைக் கீழே வைப்பார்கள். சபீனா வந்து பார்த்தால் எல்லா அடுக்கும் ஒரே நேரத்தில் நிறைந்திருக்கும். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் அவள் சுவரைத் திட்டிவிட்டுப் போவாள்.

மெதுவாகச் செய்கிறவளின் பெயர் தெல்மா. பருத்த உடம்பு, பேச்சு அவ்வளவாக வராது, எதைக் கொடுத்தாலும் நாலாக மடித்து வைப்பாள். விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். பாசிலியாவின் எதிர்முனையைப் பிடித்தவள் எப்போதும் தெல்மாதான். சபீனாவின் கண்ணில் தெல்மா கடைசியாகப் படாமல் இருப்பதற்காகவே பாசிலியா எத்தனையோ வருடம் கையில் உறையோடு நின்றாள்.

ராணுவ ஆட்சி போய்ச் சில வருடங்கள் கழித்துத் தலைநகரிலிருந்து உத்தரவு வந்தது. எங்கள் பெண்கள் பிரிவை மூடப் போகிறார்கள். எல்லோரையும் புதிதாக அளக்கப் போகிறார்கள். எழுபதும் அதற்கு மேலும் வந்தால் ஊருக்குள் வாடகை வீடு, நாலைந்து பேராகச் சேர்ந்து வாழலாம். எழுபதுக்குக் கீழே வந்தால் தெற்கே, பேருந்தில் ஒரு நாளைக்கு மேல் போகும் தூரத்தில் உள்ள ஆஸ்பத்திரி. அங்கே இருப்பதெல்லாம் பூட்டு வார்டுதான். போனவர்கள் யாரும் திரும்பி வந்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

அளக்க வந்தவள் விவியானா என்ற சின்னப் பெண். மனோதத்துவம் படித்தவள். மருத்துவர் இல்லை, ஆனால் வெள்ளைக் கோட்டுப் போட்ட யாரும் எங்களுக்கு டாக்டர்தான். பயந்த சுபாவம், பேசினால் காது சிவக்கும். உதவியாளர்களை எல்லாம் சமையற்கட்டில் கூட்டி வைத்து விளக்கம் சொன்னாள். நான் சும்மா இருக்கவில்லை.

"டாக்டர், புத்தின்னா என்ன? அதைச் சொல்லிட்டு அப்புறம் அளங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "அதுலதான் எங்களுக்குள்ளயே சண்டை, தோன்யா இர்மா. செய்யற எல்லா வேலைக்கும் அடியில ஒரே ஒரு சக்தி ஓடுதுன்னு சிலர் சொல்றாங்க. இல்ல, பேச்சுப் புத்தி வேற, கணக்குப் புத்தி வேற, கைப் புத்தி வேறன்னு சிலர். புதுசா ஒரு நிலைமை வந்தா அதுக்குத் தக்கபடி நடந்துக்கறதுதான் புத்தின்னு இன்னும் சிலர்."

"இதுல நீங்க எதை அளக்கப் போறீங்க?"

அவள் மேசைமேல் இருந்த தோல் பெட்டியைப் பார்த்தாள். "இந்தப் பெட்டில இருக்கறதை," என்றாள். காது சிவந்துவிட்டது.

எழுபது என்றால் நூறு கேள்வியில் எழுபது சரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லையாம். ஆயிரக்கணக்கானவர்களுக்கு இதே சோதனையைக் கொடுத்து, நடுவில் வந்தவர்களுக்கு நூறு என்று பேர் வைத்திருக்கிறார்கள். ஜனங்கள் எல்லோரையும் வரிசையில் நிறுத்தினால் நீ எந்த இடத்தில் நிற்பாய் என்பதுதான் அந்த எண். எழுபது என்பது வரிசையின் வால்.

"வரிசையில யாரை நிறுத்தினாங்க டாக்டர்? எங்க சலவைக்காரிங்கள்ல யாரையாவது நிறுத்தினாங்களா?"

"இல்ல," என்றாள். "வெளிய இருக்கறவங்களை."

சமையல்காரி அடுப்பை அணைத்துவிட்டு என்னை முறைத்தாள், போதும் நிறுத்து என்கிற மாதிரி.

செய்தி சலவைக்கூடத்துக்குப் போனதும் முதலில் கேலிதான். "ஏய் பாசி, நீ வீட்டுக்காரி ஆகப் போறே. ஞாயித்துக்கிழமை கறி சுட்டா எலும்பையாவது எங்களுக்கு அனுப்பு" என்றாள் ஒருத்தி. "இவ வீட்டுல கதவே இருக்காது, வெறும் கைப்பிடியா மாட்டி வெச்சிருப்பா" என்றாள் இன்னொருத்தி. பாசிலியாவும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் அன்று மத்தியானம் அவள் தட்டு அப்படியே இருந்தது. மறுநாளும் அப்படித்தான். ரொட்டியை மட்டும் எடுத்துப் படுக்கைக்கு அடியில் ஒளித்து வைத்தாள். பூட்டு வார்டில் இருந்த காலத்துப் பழக்கம் அது.

ஒருநாள் இஸ்திரி உருளைக்குப் பக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் ஈரத் துணி மாதிரி ஜில்லென்று இருந்தன.

"தெற்கே நீங்க போயிருக்கீங்கல்ல? ஒரு தடவை நோயாளியைக் கொண்டுபோய் விட்டீங்களே."

"போயிருக்கேன்."

"அங்க கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி இருக்கா?"

உருளைக்குள் விரிப்பு ஒன்று கோணலாகப் போய்க்கொண்டிருந்தது. அதை இழுத்து நேராக்கினேன். பிறகு இன்னொன்றை நேராக்கினேன். அவள் மறுபடி கேட்கவில்லை.

அவள் முறை வந்த நாள் காலையில் கஞ்சி மாதிரிப் பனி. வெளியாரோடு நோயாளியைத் தனியாக விடக் கூடாது என்பது விதி, ஆகவே நான் கூடப் போனேன். நுழைந்ததும் கதவின் உள்பக்கத்தைத் தொட்டாள். பித்தளைக் கைப்பிடி இருந்தது. அதற்கப்புறமும் அதை இன்னொரு தடவை திருகிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

விவியானா அன்பாகத்தான் ஆரம்பித்தாள். "பயப்படாதீங்க பாசிலியா, பேசிக்கிட்டு இருக்கப் போறோம், அவ்வளவுதான். ரோட்டுல நடந்து போறீங்க, யாரோ தவறவிட்ட ஒரு கைப்பை கிடக்குது. என்ன செய்வீங்க?"

பாசிலியா உடனே இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். "தொட மாட்டேன் டாக்டரம்மா. தொட்டா சுவத்தைப் பாத்து நிக்க வெச்சுத் துணியை அவுத்துச் சோதனை போடுவாங்க."

விவியானா தலையைக் குனிந்து ஏதோ எழுதினாள். "சரி. நீங்க இருக்கற வீட்டுல கேஸ் வாசம் வருது. அப்போ?"

"பேசாம இருப்பேன். யாரு சொல்றாளோ அவதான் குழாயைத் திறந்தாள்னு சொல்லிடுவாங்க."

என் நாக்கு நுனியில் பேச்சு முட்டிக்கொண்டு நின்றது. அவள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. எங்கள் சுவருக்குள் அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும், அப்படி நடந்துகொண்டதால்தான் அவள் உயிரோடு இருந்தாள். விவியானாவின் புத்தகத்தில் அதற்குச் சுழியம்.

சில கேள்விகள் நன்றாகப் போயின. எண்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னாள் விவியானா, இவள் சொன்னாள். வார்த்தைக்கு அர்த்தம் கேட்டாள், பாதிக்கு மேல் சொன்னாள். தேறிவிடுவாள் போலிருக்கிறது என்று மனதுக்குள் மாதாவைக் கும்பிட ஆரம்பித்தேன். அப்போதுதான் கட்டைகள் வெளியே வந்தன.

சிவப்பும் வெள்ளையுமான சின்னச் சின்னச் சதுரக் கட்டைகள். அட்டையில் ஒரு வடிவம் இருக்கும், கட்டைகளை அடுக்கி அதே வடிவத்தைக் கொண்டுவர வேண்டும். பக்கத்தில் விவியானா கடிகாரத்தை வைத்துக்கொண்டு நேரம் பார்ப்பாள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஆயுள் முழுக்க மூலைக்கு மூலை சேர்த்தவளுக்கு இதென்ன பிரமாதம்? முதல் வடிவத்தை, விவியானா கடிகாரத்தை அமுக்குவதற்குள் என்று சொல்லலாம், அடுக்கிவிட்டாள்.

"ரொம்ப நல்லா இருக்கு," என்று விவியானா சிரித்தாள். சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்து இன்னும் கொஞ்சம் கட்டைகளைக் கொட்டினாள். அடுத்த அட்டையை வைத்தாள். முன்னதைவிடக் கஷ்டமான வடிவம்.

பாசிலியா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். சபீனா இரண்டாவது மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வரும்போது சலவைக்காரிகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொள்வார்களே, அதே பார்வை.

அவள் கை மறுபடி ஓடியது. ஒன்றைத் தவிர எல்லாக் கட்டைகளும் இடத்தில் உட்கார்ந்தன. அந்த ஒன்று அவள் இடது கைக்குள் இருந்தது. கையை மூடி மடியில் வைத்துக்கொண்டு, கீழே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. வை, பாசி, வை என்று உள்ளுக்குள் கத்தினேன். நாற்காலியை நகர்த்திச் சத்தம் பண்ணினேன். இருமினேன். விவியானா என்னைப் பார்த்தாள், பேசக் கூடாது என்கிற மாதிரி. நேரம் முடிந்தது. சுழியம். அடுத்த அட்டை, மறுபடி அதே கதை, மறுபடி மூடிய கை. வரிசையாகச் சில தடவை தப்பானால் அந்தப் பகுதியை நிறுத்திவிட வேண்டுமாம். விவியானா நிறுத்தினாள். பாசிலியா மூடிய கையைத் திறந்து கட்டையை மேசைமேல் வைத்துவிட்டு, ரொம்ப நேரத்துக்குப் பிறகு பெருமூச்சு விட்டாள். தப்பித்துவிட்டதாக நினைத்திருக்கிறாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு இடைவேளை விட்டார்கள். பாசிலியா வெளியே போனதும் நான் விவியானாவைப் பிடித்துக்கொண்டேன்.

"அவ முடிச்சுட்டா டாக்டர். கட்டை கைக்குள்ள இருந்தது. நீங்களும் பாத்தீங்க."

"பாத்தேன்."

"அப்புறம் என்ன?"

"மேசைமேல இருக்கறதைத்தான் நான் எழுத முடியும், தோன்யா இர்மா. கைக்குள்ள இருக்கறதுக்குப் புத்தகத்துல இடமில்ல. நானா ஒண்ணை எழுதினேன்னு தலைநகர்ல தெரிஞ்சா எல்லாரோட சோதனையையும் செல்லாதுன்னு சொல்லிடுவாங்க." பிறகு பெட்டியை அடுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "சாயங்காலம் வரைக்கும் இன்னும் பாதி பாக்கி இருக்கு. அதுலயும் கடிகாரம் உண்டு. சாப்பாட்டு நேரத்துல நீங்க ரெண்டு பேரும் என்ன பேசுவீங்கன்னு எனக்குத் தெரியாது."

கொதிகலன் பக்கத்தில் பாசிலியா தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூட்டு ஆறிப் போயிருந்தது.

"உனக்கென்ன பைத்தியமா?" என்றேன்.

"அதைத்தானே கண்டுபிடிக்கறாங்க," என்றாள்.

"ஏன்டி கட்டையைக் கைல வெச்சுக்கிட்ட?"

"முடிச்சா இன்னொண்ணு வருது, நீங்களே பாத்தீங்கல்ல? முதல்ல கொஞ்சம். அப்புறம் ஜாஸ்தி. ஒவ்வொண்ணும் முன்னதைவிடக் கஷ்டம். சபீனா செய்யறதையேதான் அந்தப் பொண்ணும் செய்யறா. நான் வைக்காம நிறுத்தினேன், அவளும் கொட்டறதை நிறுத்திட்டா." என்னைத் தேற்றுகிற மாதிரி முழங்காலைத் தட்டிக் கொடுத்தாள். "பாருங்க, பலிச்சுது."

அவள் பேச்சில் எங்கே ஓட்டை என்று தேடினேன், கிடைக்கவில்லை. "அங்க மூட்டைக்கு முடிவு இருக்கு, பாசி. ஒரே ஒரு பெட்டிதான். நான் பாத்தேன்."

"பெட்டிக்குப் பின்னால அலமாரி இருக்கு."

"அலமாரில அவ கோட்டு தொங்குது! நீ வெக்கற ஒவ்வொரு கட்டையும் உன்னை வெளிய தள்ளும். வெக்காத ஒவ்வொண்ணும் தெற்கே தள்ளும். அவ்ளோதான் கணக்கு."

இப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. காலையில் தப்பித்ததாக நினைத்ததெல்லாம் தகரக் கதவுக்கு அருகே போனதுதான் என்று. தட்டு மடியிலிருந்து சரிந்து விழுந்தது. இரண்டு பேரும் அதை எடுக்கவில்லை.

"தெல்மா?" என்றாள்.

"தெல்மாவை நேத்தே அளந்தாச்சு."

"எத்தனை மூட்டை முடிச்சா?"

"ஒண்ணும் இல்ல. கட்டையைத் தொடவே இல்ல. அட்டையை எடுத்து நாலா மடிச்சு டாக்டர் கையில குடுத்தா."

பாசிலியா சிரித்தாள். அந்தச் சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது. இடுப்பில் கட்டியிருந்த வேலைத் துணியை வாயில் திணித்துக்கொண்டாள், சபீனாவுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று.

"நான் வெச்சுட்டா அவ மட்டும் தனியா மிச்சம் நிப்பா."

"நீ வெக்கலன்னாலும் அவ மிச்சம்தான், பாசி. கூட நீயும் நிப்ப. வேற வேற வார்டுல, வேற வேற கதவுக்குப் பின்னால." இதைச் சொல்லும்போது என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது. ஆனால் சொன்னேன்.

மத்தியானத்துக்குப் பிறகு துண்டு துண்டாக வெட்டிய படங்களை வைத்தார்கள். சேர்த்தால் ஒரு உருவம் வரும். விவியானா கடிகாரத்தை அமுக்கினாள். முதல் உருவம் ஒரு குதிரை. கடைசித் துண்டு, அதன் கால், இடது கைக்குள் போய்விட்டது. பழக்கம் அப்படி. கை மூடிக்கொண்டது. அவள் தன் மூடிய கையைத் தானே வெறித்துப் பார்த்தாள், வேறு யாருடைய கையோ என்கிற மாதிரி. பிறகு வலது கையால் ஒவ்வொரு விரலாகப் பிரித்து, துண்டை எடுத்து, வைத்தாள்.

விவியானா அடுத்ததைக் கொட்டினாள். பாசிலியாவின் வாயிலிருந்து ஒரு சின்ன முனகல் வந்தது. வைத்தாள். அடுத்தது. வைத்தாள். ஒவ்வொரு தடவை புதுத் துண்டுகள் கொட்டப்படும்போதும் தோள் குறுகியது, அடி விழப்போகிற பிள்ளைக்குக் குறுகுவது போல. கண்ணீர் மூக்கு வழியாக வடிந்து துண்டுகள் மேல் சொட்டியது. நடுவில் "வெளிய போகணும்" என்று முணுமுணுத்தாள். கடிகாரம் ஓடும்போது எழுந்தால் அந்த உருவத்துக்கான மதிப்பெண் போய்விடும். விவியானா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். நாற்காலிக்கு அடியில் தரை ஈரமானது. பாசிலியா எழுந்திருக்கவில்லை. நனைந்த பாவாடையோடு கடைசித் துண்டையும் வைத்தாள்.

"முடிஞ்சுது," என்றாள் விவியானா. அவள் கண்ணும் நனைந்திருந்தது.

"அடுத்தது?"

"இல்ல பாசிலியா. அவ்வளவுதான்."

பாசிலியா நம்பவில்லை. எழுந்து போய்ப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். அலமாரியைத் திறந்தாள். கோட்டு தொங்கியது, ஒரு குடை இருந்தது. நான் என் மேலங்கியைக் கழற்றி அவள் இடுப்பைச் சுற்றிக் கட்டினேன்.

அவளுக்கு எழுபத்தொன்று வந்தது. காலையில் மூடிய கைக்குள் இருந்ததெல்லாம் சேர்ந்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று விவியானாவிடம் கேட்டேன். அப்படி ஒரு எண் கிடையாது என்றாள். அந்த ஒரே ஒரு புள்ளியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு பதறுகிறது. குதிரையின் காலைக் கையிலேயே வைத்திருந்தால் போயிற்று.

தெற்கே போகும் பேருந்து ஒரு திங்கள்கிழமை காலையில் வந்தது. சலவைக்காரிகளில் முக்கால்வாசிப் பேர் அதில் ஏறினார்கள். தெல்மா சிரித்துக்கொண்டே ஏறினாள், உல்லாசப் பயணம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து திரைச்சீலையைக் கழற்றி மடிக்க ஆரம்பித்தாள். பாசிலியா வழியனுப்ப வரவில்லை. சலவைக்கூடத்தில் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்தாள். தப்பு நடந்துவிட்டது என்று கண்டுபிடித்துத் தன்னையும் ஏற்றிவிடுவார்கள் என்று பயம். பேருந்துச் சத்தம் அடங்கி வெகுநேரம் கழித்துத்தான் அவளை வெளியே இழுக்க முடிந்தது.

ஊருக்குள் வீடு தயாரானதும் நானே அவளை அழைத்துப் போனேன். மற்ற பெண்கள் இரண்டு மூன்று நாளில் வருவதாக இருந்தது. சாவியை அவள் கையில் கொடுத்தேன். வாசலில் நின்றுகொண்டு சாவியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

"திற, பாசி. கைப்பிடி ரெண்டு பக்கமும் இருக்கு. நானே பாத்தேன்."

திறந்தாள். ஆனால் அவள் நுழையவில்லை. என்னை முதலில் உள்ளே தள்ளி, வெளியிலிருந்து கதவைச் சாத்தினாள். நான் கைப்பிடியைத் திருகி வெளியே வந்தேன். "இன்னொரு தடவை," என்றாள். தெருவில் போன பால்காரர் நின்று வேடிக்கை பார்த்தார். என்ன பார்வை என்று அவரை ஒரு அதட்டு அதட்டிவிட்டு மறுபடி உள்ளே போனேன், மறுபடி வெளியே வந்தேன். அதற்கப்புறம்தான் அவள் வாசற்படியைத் தாண்டினாள்.

படுக்கைமேல் புது விரிப்பு ஒன்று சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அதை உதறி இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரே பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. விரிப்பு தரையில் புரண்டது. அவள் அப்படியே நின்றாள்.

"தோன்யா இர்மா," என்றாள். "தெற்கே கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி இருக்கான்னு அன்னிக்குக் கேட்டேன். நீங்க சொல்லவே இல்ல."

நான் போய் எதிர்முனையை எடுத்துக்கொண்டேன். மடிக்க வேண்டும் என்று இழுத்துப் பார்த்தேன். அவள் மடிக்க முன்னால் வரவில்லை, தன் முனையை விடவும் இல்லை; என் பதிலுக்காக நின்றாள்.